குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால் இன்னும் ஏன் குரங்குகள் இருக்கின்றன?

புதுச்சேரிக்காரன் என்பதால் எங்கள் ஊர்க் கதையிலிருந்தே பதில் சொல்கிறேன். 1962-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தபோது, ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுப்பவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். சில வீடுகளில் அண்ணன் எழுதிக் கொடுத்தார், தம்பி கொடுக்கவில்லை. இன்று ஒரு பேரன் பாரீஸில், இன்னொரு பேரன் வில்லியனூரில். பாரீஸ் பேரன் வில்லியனூர் பேரனுக்குப் பிறந்தவன் இல்லை. "நீ பாரீஸ்காரன் ஆகிவிட்டாயே, அப்புறம் அவன் மட்டும் ஏன் இன்னும் வில்லியனூரில் இருக்கிறான்?" என்று யாராவது கேட்டால் சிரிப்போம், இல்லையா? உங்கள் கேள்வியும் அதுதான்.

நமக்கும் சிம்பன்சிக்கும் பொதுவான மூதாதை ஆப்பிரிக்காவில் சுமார் 60-70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. அது மனிதனும் இல்லை, இன்றைய சிம்பன்சியும் இல்லை. நம் வீட்டு மாடியில் தாவும் நாட்டுக் குரங்கு இன்னும் தூரத்துச் சொந்தம். அந்தக் கிளை பிரிந்து இரண்டரைக் கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

கோடிக் கணக்கு மனதில் நிற்காதவர்கள் திருவக்கரைக்குப் போய்ப் பாருங்கள். பௌர்ணமிக்கு வக்கிரகாளியம்மனைக் கும்பிட வருகிறவர்கள் பக்கத்திலேயே இருக்கும் கல்மரப் பூங்காவை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம். கடலூர் மணற்கல் என்று புவியியலாளர்கள் சொல்லும் பாறையில் கல்லாகிக் கிடக்கும் அந்த மரங்களுக்கு வயது சுமார் 2 கோடி ஆண்டு. அவை பச்சையாக நின்ற காலத்தில் உலகத்தில் எங்குமே மனிதன் இல்லை. கிழக்கு ஆப்பிரிக்கக் காடுகளில் வாலில்லாத ஆதிக் குரங்கினங்கள் கிளை கிளையாக ஏறிக்கொண்டிருந்தன. நாட்டுக் குரங்கின் வழி அதற்குள் தனியாகப் போய்விட்டது.

வால் எப்படிப் போனது என்பதற்கு ஒரு நல்ல தடயம் இருக்கிறது. டிபிஎக்ஸ்டி என்ற மரபணுவுக்குள் ஒரு டிஎன்ஏ துண்டு வந்து செருகிக்கொண்டிருக்கிறது. மனிதன், சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான், கிப்பன் எல்லோரிடமும் அது ஒரே இடத்தில் இருக்கிறது. வாலுள்ள குரங்குகளிடம் இல்லை. எலிகளின் அதே மரபணுவில் அதே விளைவை உண்டாக்கிப் பார்த்தபோது சிலவற்றுக்கு வால் குட்டையானது, சிலவற்றுக்கு வாலே இல்லை. இந்த ஆய்வு 2024-இல் வெளிவந்தது. சிம்பன்சிக்கு 24 ஜோடி குரோமோசோம், நமக்கு 23 என்பதும் இப்படித்தான்: நம்முடைய இரண்டாவது குரோமோசோம், அவற்றிடம் தனித்தனியாக இருக்கும் இரண்டு ஒட்டிக்கொண்டது. ஒட்டிய தழும்பு இன்னும் அதில் தெரிகிறது.

மூளை பெருத்ததால்தான் எழுந்து நடந்தோம் என்று பலர் நினைக்கிறார்கள். நடந்தது தலைகீழ். 1974-இல் எத்தியோப்பியாவில் கிடைத்த, 32 லட்சம் ஆண்டு பழைய, லூசி என்று பெயர் வைத்த ஆதி மனித இன எலும்புக்கூட்டின் இடுப்பும் முழங்காலும் இரண்டு காலில் நடந்தவளுடையவை. அவள் இனத்தின் மூளையோ ஏறக்குறைய சிம்பன்சி அளவுதான்.

சரி, அடுத்து என்ன கேட்பீர்கள் என்று தெரியும்: இன்றைய குரங்கு இனிமேல் மனிதனாகுமா? ஆகாது. நாம் மாறிக்கொண்டிருந்த அத்தனை கோடி ஆண்டுகளும் அதுவும் மாறிக்கொண்டுதான் இருந்தது, தன் மரத்துக்கும் தன் கூட்டத்துக்கும் ஏற்றபடி. நம்மைப் பிடிக்க அது ஓடவே இல்லை.