நோட்டு காலியாக இருக்கிறதே என்று பயந்து 900 பவுண்டு கட்டாதீர்கள்

கேள்வி: நாங்கள் ரெடிங்கில் இருக்கிறோம். மகள் இயர் 2 படிக்கிறாள். இந்த டெர்ம் முழுவதும் லண்டன் தீ விபத்து, அட்டைப்பெட்டியில் வீடு, சக்கரம் வைத்த பொம்மை, தேனீ மாதிரி ஒரு ரோபோ என்றே போகிறது. நோட்டைப் புரட்டினால் பத்து வரி கூட இல்லை. ஊரில் அதே வயதுள்ள அண்ணன் மகன் சமூக அறிவியலில் கேள்வி பதில் மனப்பாடமாகச் சொல்கிறான். இங்கே ஒரு டியூஷன் மையத்தில் ஹிஸ்டரி, ஜியாகரஃபி, கோடிங் மூன்றும் சேர்த்து வருடத்துக்கு 900 பவுண்டு என்கிறார்கள். இயர் 2 முடிவில் இந்தப் பாடங்களுக்குத் தேர்வு உண்டாம். பயந்துபோய், போன சனிக்கிழமை போனிலேயே பேசி முடித்து 100 பவுண்டு அட்வான்ஸும் கட்டிவிட்டோம். சேர்ப்பது சரிதானா?

பதில்: சேர்க்காதீர்கள். அப்படி ஒரு தேர்வே கிடையாது.

இங்கிலாந்தில் இயர் 1 கடைசியில் ஃபோனிக்ஸ் சோதனை உண்டு. பிள்ளை 40 சொற்களை வாய்விட்டுப் படிக்க வேண்டும், அவ்வளவுதான். உங்கள் மகள் அதை முடித்திருப்பாள். இயர் 2 கடைசியில் சாட்ஸ் என்று ஒரு தேசியத் தேர்வு இருந்தது. அதுவும் ஆங்கிலத்துக்கும் கணக்குக்கும் மட்டும்தான். 2023-24 கல்வியாண்டிலிருந்து அதுவும் கட்டாயம் இல்லை. அடுத்து இயர் 4-இல் வாய்ப்பாடு, 25 கேள்வி. அப்புறம் இயர் 6-இல் சாட்ஸ். இவற்றில் எங்கேயும் ஹிஸ்டரி இல்லை, ஜியாகரஃபி இல்லை, கோடிங் இல்லை. ஆர்ட்டும் மியூசிக்கும் கூட இல்லை. உங்களிடம் பேசியவருக்கு இது தெரியாது என்று நான் நம்பவில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மையங்கள் குளிர்காய்வதே அந்த நெருப்பில்தான். கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகள் சில ஏழு வயதில் நுழைவுத் தேர்வு வைக்கின்றன. செவன் பிளஸ் என்பார்கள். இயர் 2 படிக்கும்போதே எழுத வேண்டும், இயர் 3-இல் சேர்வதற்கு. பக்கத்து வீட்டுப் பிள்ளை அதற்குத் தயாராகிறது என்று காதில் விழுந்ததுமே நமக்கு வயிற்றைக் கலக்குகிறது. உங்களுக்கும் அதுவாக இருக்கலாம். ஆனால் அந்தத் தேர்விலும் கேட்பது ஆங்கிலம், கணக்கு, பெரும்பாலும் ரீசனிங். பிள்ளையை உட்கார வைத்து ஏதாவது செய்யச் சொல்லிப் பார்க்கும் பள்ளிகளும் உண்டு. அங்கே பார்ப்பது அது எப்படி யோசிக்கிறது, பக்கத்துப் பிள்ளையோடு எப்படிச் சேர்ந்து வேலை செய்கிறது என்பதைத்தான். தீ விபத்து எந்த வருடம் என்று கேட்பதில்லை. ஆக, உங்கள் மகளைத் தனியார் பள்ளிக்கு அனுப்பும் எண்ணம் இருந்தாலும்கூட இந்த 900 பவுண்டு பாக்கேஜ் அதற்கு உதவாது. எண்ணம் இல்லையென்றால் செவன் பிளஸ் என்ற சொல்லையே மறந்துவிடலாம். கிராமர் ஸ்கூல், அதாவது தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கும் அரசுப் பள்ளி, அதற்கான லெவன் பிளஸ் நுழைவுத் தேர்வும் இதே கதைதான். அந்தப் பேச்சுக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது.

சரி, காலி நோட்டு விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் உண்மையான கவலை அதுதான் என்று தெரிகிறது.

ஐந்து முதல் ஏழு வயது வரை உள்ள இந்தக் கட்டத்துக்கு கீ ஸ்டேஜ் 1 என்று பெயர். 2014-இலிருந்து நடைமுறையில் இருக்கும் தேசியப் பாடத்திட்டத்தில் இந்த வயதுக்கான ஹிஸ்டரி ஏறக்குறைய ஒரே பக்கம். ஆங்கிலத்துக்கும் கணக்குக்கும் பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள். பள்ளியும் அந்த விகிதத்தில்தான் நேரம் ஒதுக்குகிறது. காலை முழுக்க ஃபோனிக்ஸ், எழுத்து, கணக்கு. மற்றதெல்லாம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. பல பள்ளிகளில் ஆர்ட் ஒரு அரைப் பருவம், டி.டி. என்கிற டிசைன் டெக்னாலஜி அடுத்த அரைப் பருவம் என்று மாறி மாறி வரும். டிசம்பரில் கிறிஸ்துமஸ் நாடக ஒத்திகை வந்தால் முதலில் பலியாவது இந்த மதிய வேளைதான். இருபது வருடமாக இங்கே பாடம் எடுக்கிறேன், இதில் எந்த மாற்றமும் இல்லை. 'விரிவான, சமச்சீரான கல்வி' என்று ஆவணத்தில் எழுதுவார்கள். டைம்டேபிளில் செவ்வாய் மதியம் முக்கால் மணி நேரம் கிடைக்கும்.

அந்த முக்கால் மணி நேரத்திலும் பெரும்பகுதி பேச்சும் கைவேலையும்தான். அதனால்தான் நோட்டில் ஒன்றும் இல்லை. ஆறு வயதுப் பிள்ளையை நாலு வரி எழுத வைக்கவே இருபது நிமிடம் போய்விடும். எழுத்துப் பயிற்சி காலையிலேயே நடந்துவிட்டது. மதியமும் அதையே செய்தால் ஹிஸ்டரி எப்போது நடக்கும்?

தீ விபத்தையே பாருங்கள். 1666 செப்டம்பர் 2 அதிகாலை, புட்டிங் லேனில் தாமஸ் ஃபாரினர் என்பவரின் பேக்கரியில் தீப்பிடித்தது. மரவீடுகள், குறுகலான தெரு, பலத்த காற்று, மழையில்லாத கோடை. சில நாட்களில் 13,000-க்கும் மேற்பட்ட வீடுகள் சாம்பல். இதை மனப்பாடம் செய்ய வைக்க ஒரு மணி நேரம் போதும். வகுப்பில் கேட்கும் கேள்வி வேறு. இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? சாமுவேல் பீப்ஸ் என்று ஒருவர் டைரி எழுதினார். தீ நெருங்கியபோது அவர் தோட்டத்தில் குழி தோண்டித் தன் ஒயினையும் பார்மேசான் சீஸையும் புதைத்தார். சீஸைப் புதைத்தார் என்றதும் வகுப்பே சிரிக்கும். சிரித்து முடித்ததும் ஒரு பிள்ளை கேட்கும்: "டைரியும் எரிந்திருந்தால்?" அந்தக் கேள்விதான் அந்த வயதுக்கு ஹிஸ்டரி.

அட்டைப்பெட்டி வீடும் அதற்காகத்தான். வீடுகளை ஒட்டி ஒட்டி வரிசையாக வைத்து, நடுவில் ஓரிடத்தில் இடைவெளி விடுவோம். சில பள்ளிகளில் பாதுகாப்பு ஏற்பாட்டோடு மைதானத்தில் கொளுத்தியே காட்டுவார்கள். இடைவெளி வந்ததும் தீ திணறுவதைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்கு, அன்றைக்கு ஏன் வீடுகளை இடித்துத் தள்ளினார்கள் என்று நான் விளக்க வேண்டியதே இல்லை. இங்கே அப்பாக்களுக்கு ஒரு வேண்டுகோள்: அந்த வீட்டை நீங்கள் செய்து அனுப்பாதீர்கள். ஒருவர் ஜன்னலில் எல்இடி விளக்கெல்லாம் வைத்து அனுப்பினார். 1666-இல்!

எதிர்த் தெருப் பள்ளியில் தீ விபத்து நடத்தாமல் இருக்கலாம். அதற்காகப் பதற வேண்டாம். பாடத்திட்டத்தில் வரும் பெயர்கள் எல்லாம் உதாரணம்தான். ஒரு பள்ளி தீ விபத்தை எடுக்கும். இன்னொன்று முதல் விமானப் பயணத்தை எடுத்து, 1903-இல் ரைட் சகோதரர்கள் 12 வினாடியில் பறந்த 120 அடியை மைதானத்தில் சாக்பீஸால் அளந்து, பிள்ளைகளை ஓடவிட்டுப் பார்க்கும். எந்தத் தலைப்பை எந்த வருடம் நடத்த வேண்டும் என்றுகூட விதி இல்லை, இரண்டு வருடத்துக்குள் முடித்தால் போதும். பாக்கேஜ் விற்பவர் இதையெல்லாம் ஒரே ஒர்க்புக்கில் அடைத்து 'முழு சிலபஸ்' என்று காட்டுவார். அந்த ஒர்க்புக்கும் உங்கள் மகள் வகுப்பும் ஒரு வாரம்கூட ஒன்றாகப் போகாது.

ஜியாகரஃபியில் ஏழு கண்டம், ஐந்து பெருங்கடல், பிரிட்டனின் நான்கு நாடுகள், தலைநகரங்கள், நான்கு திசை. இவற்றை வேண்டுமானால் வீட்டிலேயே பாட்டாகப் பாடிப் பழக்கலாம். அதோடு ஐரோப்பாவுக்கு வெளியே ஓர் ஊரை எடுத்துத் தங்கள் ஊரோடு ஒப்பிட வேண்டும். ஒரு வேடிக்கை தெரியுமா? இதற்காக இங்கிலாந்துப் பள்ளிகள் பல வருடமாகப் பயன்படுத்திவந்த ஊர்களில் ஒன்று நம் நீலகிரியில் இருக்கும் செம்பகொல்லி. தமிழ்நாட்டில் பாதிப் பேருக்குத் தெரியாத ஊர் இங்கே ஆறு வயது வெள்ளைக்காரப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. ஆனால் இந்தியா என்றாலே அந்த ஒரு கிராமம்தான் என்று அவர்கள் நினைத்துவிடும் ஆபத்தும் உண்டு. உங்கள் மகளிடம் சென்னை மெட்ரோ போட்டோ ஒன்றைக் கொடுத்தனுப்புங்கள். டீச்சர் சந்தோஷப்படுவார்.

இப்போது தேனீ ரோபோ. அதற்கு பீ-பாட் என்று பெயர். முதுகில் முன், பின், இடம், வலம் என்று பொத்தான்கள் இருக்கும். ஒரு அழுத்தலுக்கு 15 சென்டிமீட்டர் நகரும். இரண்டு பிள்ளைகள் தரையில் மண்டியிட்டு, மூன்று கட்டம் தள்ளி இருக்கும் கோட்டைக்கு அதை அனுப்பப் பார்ப்பார்கள். வலம் அழுத்தினால் வலப்பக்கம் நகரும் என்று நினைத்திருப்பார்கள். அது நின்ற இடத்திலேயே திரும்பும், அவ்வளவுதான். அடுத்த முறை இன்னொரு முன் சேர்ப்பார்கள். இப்போது ரோபோ எங்கேயோ போகும், ஏனென்றால் பழைய கட்டளையை அழிக்கவில்லை. புதியது பழையதன் வாலில் ஒட்டிக்கொண்டது. 'கிளியர் அழுத்த மறந்துட்டோம்' என்று ஒரு பிள்ளை கண்டுபிடித்துக் கத்தும். கட்டளைகளை வரிசையாக யோசிப்பது, என்ன நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்வது, தப்பு எங்கே என்று தேடுவது. கீ ஸ்டேஜ் 1 கம்ப்யூட்டிங்கில் கோடிங் என்பது இவ்வளவுதான். மீதி, ஒரு படத்தைச் சேமித்துத் திரும்ப எடுப்பதும், பெயர் முகவரியை ஆன்லைனில் யாருக்கும் கொடுக்கக் கூடாது என்பதும். வீட்டில் தொடர ஆசை என்றால் ஸ்கிராட்ச் ஜூனியர் என்ற ஆப் இருக்கிறது. இந்த வயதுக்கென்றே செய்தது, இலவசம்.

கோடிங் வகுப்பு விற்பவர்கள் பற்றி எனக்குக் கொஞ்சம் கோபம் அதிகம், மன்னிக்கவும். முதல் வகுப்பு இலவசம் என்பார்கள். அது முடிந்ததும் 'உங்கள் பிள்ளைக்கு அபாரமான லாஜிக், விட்டுடாதீங்க' என்பார்கள். எல்லாப் பிள்ளைக்கும் இதையேதான் சொல்கிறார்கள். கடைசியில் ஒரு சான்றிதழ் வரும். அதை எந்தப் பள்ளியும் கேட்பதில்லை. இன்னொரு தந்திரம் சுவரில் மாட்டியிருக்கும் 'ஆஃப்ஸ்டெட் ரெஜிஸ்டர்ட்' போர்டு. ஆஃப்ஸ்டெட் என்பது பள்ளிகளை ஆய்வு செய்யும் அரசு அமைப்பு. பெரும்பாலும் அது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடமாகச் செய்த பதிவு. பாடம் எப்படி நடத்துகிறார்கள் என்பதற்கு ஆஃப்ஸ்டெட் தந்த மதிப்பெண் இல்லை. டியூஷன் எடுக்க ஆசிரியர் தகுதி வேண்டும் என்று இந்த நாட்டில் சட்டமே இல்லை, யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம். பள்ளியில் எங்களிடம் ஆயிரம் காகிதம் கேட்கும் அரசாங்கம் இதைக் கண்டுகொள்வதில்லை.

சக்கர பொம்மைதான் எனக்குப் பிடித்தது. டி.டி.யில் சக்கரமும் அச்சும் ஒரு பாடம். ஹிஸ்டரியில், உயிரோடு இருப்பவர்களின் நினைவுக்குள் நடந்த மாற்றம் ஒரு பாடம். ஒரு வருடம் இரண்டையும் சேர்த்து, 'உங்கள் பாட்டி தாத்தா எதை வைத்து விளையாடினார்கள்' என்று வீட்டுப்பாடம் கொடுத்தேன். முக்கால்வாசிப் பிள்ளைகள் இணையத்திலிருந்து பிரிண்ட் எடுத்த பம்பரப் படம் கொண்டுவந்தார்கள், பெற்றோர் கைவண்ணம். ஒரு பையன் மட்டும் பென்சிலில் ஒரு கோணல் படம் வரைந்திருந்தான். இரண்டு உருண்டை, நடுவில் ஒரு குச்சி, அதைத் தள்ள ஒரு நீளக் கவட்டைக் கம்பு. ஊரிலிருந்து வந்திருந்த பாட்டி சொன்ன நுங்கு வண்டி! அந்த வாரம் வகுப்பில் பாதி வண்டிகள் ஓடவில்லை. அச்சைப் பெட்டியோடு பசை போட்டு ஒட்டிவிட்டார்கள். அவன்தான் சொன்னான்: குச்சி கவட்டைக்குள்ள சுத்தணும், ஒட்டினால் ஓடாது என்று. பாட்டியோடு பத்து நிமிடம் பேசியதில் கிடைத்தது அது. அவன் நோட்டிலும் அன்றைக்கு ஒரு வரிதான் இருந்தது.

ஆர்ட், மியூசிக் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானும் நீட்டவில்லை. வண்ணம், கோடு, களிமண், சேர்ந்து பாடுவது, தாளம் தட்டுவது. நன்றாகத்தான் இருக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஒவ்வொரு வருடமும் எந்தப் பாடத்தில் என்ன நடத்துகிறார்கள் என்று பள்ளிகள் தங்கள் இணையதளத்தில் போடுகின்றன. போட்டிருப்பார்கள், இன்ஸ்பெக்டருக்கு மட்டும் புரியும் மொழியில். அதோடு மல்லுக்கட்டாமல் பேரண்ட்ஸ் ஈவினிங்கில் டீச்சரிடமே கேளுங்கள். கிடைக்கிற பத்து நிமிடத்தில் 'அவள் எப்படிப் படிக்கிறாள்' என்று கேட்டால் 'ஷி இஸ் டூயிங் ஃபைன்' என்று முடித்துவிடுவார்கள். 'அடுத்த அரைப் பருவத்தில் ஹிஸ்டரியா ஜியாகரஃபியா, என்ன தலைப்பு, அதில் என்ன புதுச் சொற்கள்' என்று கேளுங்கள். அந்தச் சொற்களை வீட்டில் தமிழிலும் பேசுங்கள். மாலையில் 'என்ன எழுதினே' என்று கேட்காமல் 'ரோபோ எங்கே தப்பாப் போச்சு' என்று கேட்டுப் பாருங்கள். நிறுத்தாமல் பேசுவாள்.

கடைசியாக அந்த 100 பவுண்டு. போனிலேயே பேசி முடித்ததாக எழுதியிருக்கிறீர்கள், நல்லதாகப் போயிற்று. நேரில் போகாமல் போனிலோ ஆன்லைனிலோ செய்த இத்தகைய ஒப்பந்தத்தை, செய்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்ய உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. மையத்துக்கே போய்க் கையெழுத்துப் போட்டிருந்தால் இந்த உரிமை தானாக வந்திருக்காது. அதற்குள் ஏதாவது வகுப்புக்கு நீங்களே கேட்டு அனுப்பியிருந்தால் அதற்கு மட்டும் பிடித்துக்கொள்ளலாம், ஆகவே இந்தச் சனிக்கிழமை அனுப்பாதீர்கள். போனில் பேசாதீர்கள், பேச்சில் மயக்கிவிடுவார்கள். 'ஒப்பந்தத்தை ரத்து செய்கிறோம், அட்வான்ஸைத் திருப்பி அனுப்புங்கள்' என்று தேதியோடு இன்றிரவே ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள்.