ஸ்டிக் வாங்கலாமா, ட்ரீம்காஸ்ட் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு 41 வயது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 என்ற சண்டை விளையாட்டை வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. இணையத்தில் பத்து ஆட்டம் ஆடினால் ஒன்பதில் தோற்கிறேன். ஆர்கேட் ஸ்டிக் (நெம்புகோலும் பெரிய பொத்தான்களும் கொண்ட கட்டுப்பாட்டுப் பலகை) வாங்கினால் தேறுவேனா?

பதில்: தேற மாட்டீர்கள். விரல்கள் புதிதாகப் பழக வேண்டியிருப்பதால் முதல் ஒரு மாதம் பத்திலும் தோற்பீர்கள். பணத்தைப் பத்திரமாக வையுங்கள்.

இந்த விளையாட்டு வினாடிக்கு 60 பிரேம், அதாவது 60 படங்கள், என்ற வேகத்தில் ஓடுகிறது. ஒரு சிறு குத்து நான்கைந்து பிரேமில் வந்து விழுந்துவிடும். அது வினாடியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதைக் கண்ணால் பார்த்துத் தடுக்க உலகச் சாம்பியனாலும் முடியாது. அவர் தூரத்தைக் கணக்கிட்டு முன்கூட்டியே தடுத்து நிற்கிறார். ஆனால் எதிராளி எகிறிக் குதித்தால் அவர் தரைக்கு வந்து சேர முக்கால் வினாடி ஆகிறது. இதை யாராலும் பார்க்க முடியும். ஆகவே முதல் பாடம், குதிப்பவரை அடிப்பது.

விளையாட்டில் வரும் ரியூ என்ற வீரரை எடுத்துக்கொள்ளுங்கள். குனிந்தபடி பலமான குத்து, அவ்வளவுதான். பயிற்சிப் பகுதியில் எதிரில் நிற்கும் பொம்மை சில நேரம் குதிக்கவும் சில நேரம் நடக்கவும் பதிவு செய்து வைத்து, தினமும் பத்து நிமிடம் அதை மட்டும் பழகுங்கள். கீழ்நிலை ஆட்டக்காரர்களில் பாதிப் பேர் குதிப்பதைத் தவிர வேறொன்றும் அறியாதவர்கள். நீளமான காம்போக்களை (தொடர் அடிகளை) மனப்பாடம் செய்வதெல்லாம் பிறகு.

ரியூ எறியும் ஆற்றல் பந்தான ஹடூக்கனுக்கு, கீழிருந்து முன்னோக்கிக் கால்வட்டம் சுழற்றுவது விரலுக்கு வரவில்லை என்றால், மாடர்ன் என்ற எளிய கட்டுப்பாட்டுக்கு மாறுங்கள். ஒரே பொத்தானில் வரும். சேதம் சற்றுக் குறையும். கேலி செய்பவர்கள் செய்யட்டும். தோற்ற ஆட்டத்தின் பதிவைத் திரும்பப் பார்க்கும்போது, எந்த அடியில் மூன்று முறைக்கு மேல் சிக்கினீர்கள் என்று மட்டும் கவனியுங்கள். அதற்கு விடை தேடுவதே அடுத்த வாரத்தின் வேலை.

எதையாவது வாங்கியே தீர வேண்டும் என்று கை துறுதுறுத்தால், ரௌட்டரிலிருந்து கன்சோல் வரை எட்டும் லேன் கேபிள் ஒன்று வாங்குங்கள். வைஃபையில் ஆடுபவரோடு மோத யாருக்கும் பிடிப்பதில்லை.

கேள்வி: சேகா நிறுவனத்தின் பழைய கன்சோலான ட்ரீம்காஸ்ட் ஒன்று விலைக்கு வருகிறது. சண்டை விளையாட்டுகளுக்கு அதை மிஞ்ச ஆளில்லை என்கிறார் விற்பவர். அவ்வளவு நல்ல கருவி ஏன் தோற்றது?

பதில்: விற்பவர் பொய் சொல்லவில்லை. 1999-இல் வந்த சோல்காலிபர் என்ற சண்டை விளையாட்டு, காசு போட்டு ஆடும் ஆர்கேட் எந்திரத்தில் இருந்ததைவிட வீட்டில் அழகாகத் தெரிந்தது. அமெரிக்காவில் ட்ரீம்காஸ்டின் விலை 199 டாலர், இணையத்துக்கான மோடமும் உள்ளேயே. இருந்தும் 2001 ஜனவரி 31 அன்று, உற்பத்தியை நிறுத்துவதாகச் சேகா அறிவித்தது. விற்றவை சுமார் 90 லட்சம்.

அது பிறக்கும் முன்பே ஜாதகம் கெட்டிருந்தது. 1994 நவம்பரில் சேகா ஜப்பானில் சாட்டர்ன் என்ற கன்சோலை வெளியிட்டது. அதே மாதம் அமெரிக்காவில், தன் பழைய கருவியின் தலையில் செருகும் 32எக்ஸ் என்ற துணைக்கருவியை விற்றது. விரைவிலேயே அதற்கு விளையாட்டு வருவது நின்றது, வாங்கியவர்கள் ஏமாந்தார்கள். அடுத்த ஆண்டு மே மாதம் லாஸ் ஏஞ்சல்ஸ் கண்காட்சியில், செப்டம்பரில் வர வேண்டிய சாட்டர்ன் இன்றே கடைகளில் கிடைக்கும், விலை 399 டாலர் என்றார்கள். சில கடைகளுக்கு மட்டுமே சரக்கு. விடுபட்ட கடைக்காரர்களுக்குக் கோபம், விளையாட்டைத் தயாரித்து முடிக்காத நிறுவனங்களுக்குத் திகைப்பு. அதே கண்காட்சியில் சோனி மேடையேறி, தன் பிளேஸ்டேஷனின் விலையாக ஒரே ஒரு எண்ணைச் சொன்னது: 299.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேருமா? ட்ரீம்காஸ்ட் வந்தபோது பெரிய விளையாட்டுத் தயாரிப்பு நிறுவனமான எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் ஒதுங்கிக்கொண்டது. மக்களோ, டிவிடியும் ஓடும் பிளேஸ்டேஷன் 2 வரட்டும் என்று காத்திருந்தார்கள். கன்சோல் வாங்குபவர் பெட்டியோடு, இதற்கு இன்னும் சில ஆண்டுகள் விளையாட்டு வரும் என்ற வாக்கையும் சேர்த்தே வாங்குகிறார். அந்த வாக்கைச் சேகா ஏற்கெனவே செலவழித்துவிட்டிருந்தது.

உங்களுக்கு அந்தக் கவலை இல்லை; வர வேண்டியதெல்லாம் வந்து முடிந்துவிட்டது. வாங்குமுன் பெட்டியின் அடியைப் பாருங்கள். ஜப்பானியக் கருவிக்கு 100 வோல்ட், அமெரிக்கக் கருவிக்கு 120. அப்படியே 230 வோல்ட் பிளக்கில் செருகினால் உள்ளிருக்கும் மின்பலகை கருகும், டிரான்ஸ்பார்மர் கட்டாயம். ஒவ்வொரு முறையும் தேதி கேட்டால் உள் பேட்டரி போய்விட்டது என்று பொருள். ஆபத்தில்லை, ஆனால் விலையைக் குறைக்கச் சொல்லலாம். இரண்டு கன்ட்ரோலர் தருகிறாரா என்றும் கேளுங்கள். அதில் உங்களோடு மோத ஆள் பக்கத்து நாற்காலியிலிருந்துதான் வர வேண்டும். அப்படி ஒருவரும் இல்லையென்றால் வாங்காதீர்கள்.

கேள்வி: புதிய கன்சோலை வெளியாகும் நாளிலேயே வாங்கலாமா?

பதில்: நான் வாங்க மாட்டேன். 2011 மார்ச்சில் அமெரிக்காவில் 250 டாலர் கொடுத்து நின்டெண்டோ 3டிஎஸ் என்ற கையடக்கக் கருவியை வாங்கியவர்கள், ஆகஸ்டில் அது 170-க்கு விற்பதைப் பார்த்தார்கள். ஆறுதலுக்கு 20 பழைய விளையாட்டுகள் இலவசமாகக் கிடைத்தன. 2005-இல் வந்த எக்ஸ்பாக்ஸ் 360-இல் மூன்று சிவப்பு விளக்குகள் எரிந்து கருவி படுத்துவிடும் கோளாறுக்கு, மூன்றாண்டு உத்தரவாதம் 2007 ஜூலையில்தான் வந்தது. ஓராண்டு பொறுங்கள். அதற்குள் பொறுமையில்லாத நண்பர் ஒருவர் வாங்கியிருப்பார். அவர் வீட்டில் ஆடிப் பாருங்கள்.