டான்சில் எடுத்த குழந்தைக்கு எத்தனை நாள் வரை ரத்தம் வரலாம்?

மகனுக்கு டான்சில் எடுத்து நாலு நாள் ஆகிறது, நன்றாக விளையாடுகிறான், இனிமேல் பயமில்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். இன்னும் ஒரு வாரம் அவனைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். என் மகளுக்கு ரத்தம் வந்தது ஏழாவது நாள்.

ஆபரேஷன் நேரத்தில் வரும் ரத்தத்தை டாக்டர்கள் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். சதை எடுத்த குழியில் துணி வைத்து அழுத்துவார்கள். அதற்கும் அடங்காத ரத்தக்குழாயை மின்சூடு வைத்துப் பொசுக்குவார்கள், இல்லையென்றால் நூலால் கட்டுவார்கள். முதல் 24 மணி நேரம் ஒரு கண்டம். அது தாண்டினால், 5 முதல் 10 நாளுக்குள் இன்னொன்று. குழியை மூடியிருக்கும் வெள்ளைப் படலம் உதிரும் சமயம் அது. அந்த வெள்ளையைச் சீழ் என்று நினைத்து நான் பதறியிருக்கிறேன். அது புண் ஆறும்போது வரும் பொருக்குதான்.

அன்று ராத்திரி பெரம்பூரில் எங்கள் வீட்டில் எல்லாரும் தூங்கிவிட்டோம். இரண்டு மணி இருக்கும், அம்மாதான் என்னை எழுப்பினார். "ஏன்டி, இவ தூக்கத்துல எதையோ முழுங்கிக்கிட்டே இருக்கா பாரு." எச்சில்தானே என்றேன். டார்ச் அடித்துப் பார்த்தால் வலது பக்கக் குழியில் திராட்சை அளவுக்கு ரத்தக்கட்டி. கொஞ்ச நேரத்தில் காப்பித்தூள் நிறத்தில் வாந்தி. அவ்வளவு நேரமும் ரத்தத்தைத்தான் விழுங்கியிருக்கிறாள்.

உடனே 108-ஐக் கூப்பிட்டோம். மல்லாக்கப் படுக்கவிடாமல், முன்பக்கம் சாய்த்து உட்காரவைத்து, கிண்ணத்தில் துப்பவைத்தேன். மருத்துவமனையில் டிரிப் ஏற்றி, மறுபடி மயக்க மருந்து கொடுத்து, ரத்தம் வந்த இடத்தில் சூடு வைத்தார்கள். மறுநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான்: வலிக்கிறது என்று அழுதாலும் தண்ணீர், இளநீர், ஆறிய கஞ்சி என்று அடிக்கடி குடிக்கவையுங்கள். முறுக்கு, சிப்ஸ் பக்கம் போகவே கூடாது. ஆஸ்பிரின் வேண்டாம், வேறு வலி மாத்திரையும் டாக்டர் எழுதியதை மட்டும் கொடுங்கள். தூங்கும்போது பக்கத்தில் காது கொடுத்துக் கேளுங்கள். சிவப்பாகத் துப்பினால், கொஞ்சம்தானே, நின்றுவிட்டதே என்று விடியும்வரை காத்திருக்க வேண்டாம், உடனே கிளம்புங்கள். அப்புறம், ரோஸ்மில்க், பீட்ரூட் ஜூஸ் இந்த வாரம் கொடுக்காதீர்கள். வாந்தி எடுத்தால் எது ரத்தம் என்றே தெரியாது.