மரத் தரையில் சூடாகும் டைல்: குளியலறைக் கேள்விகள்

வந்த கேள்விகளில் முக்கால்வாசி டைலுக்கு அடியில் விரிக்கும், கரண்டில் சூடாகும் கம்பிப் பாயைப் பற்றியவை. பதில்களில் பாதி அதற்குக் கீழே இருக்கும் மரத்தைப் பற்றியே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பழைய பலகைத் தரை. நடந்தால் லேசாகக் கிறீச்சிடுகிறது. அதன் மேலேயே சிமென்ட் போர்டு அடித்து டைல் ஒட்டிவிடலாமா?

கூடாது. சிமென்ட் போர்டு டைல் பிடிக்க நல்ல முகம் தரும், தரைக்கு வலு தராது. அடியில் மரம் வளைந்தால் போர்டும் சேர்ந்து வளையும். டைல் வளையாது. முதலில் டைல்களுக்கு நடுவே நிரப்பிய க்ரவுட்டில் மயிரிழை போல விரிசல் விடும், அப்புறம் அந்த வழியே தண்ணீர் இறங்கும்.

செராமிக் டைலுக்குப் பரவலாக ஏற்கப்பட்ட அளவு ஒன்று உண்டு. தரையைத் தாங்கும் சட்டத்தின் நீளத்தை 360-ஆல் வகுத்தால் வருவதுதான் அது வளையலாம் என்கிற உச்ச வரம்பு. 3.6 மீட்டர் சட்டம் என்றால் 10 மி.மீ. இயற்கைக் கல் பதிப்பதானால் 720-ஆல் வகுக்க வேண்டும், அதாவது 5 மி.மீ. தான். குளிக்கும் தொட்டி இருந்தால் நிரம்பிய தண்ணீரின் எடையும் கணக்கில் வரும். சந்தேகமாக இருந்தால் ஒரு பொறியாளரைக் கேட்டுவிடுங்கள்.

வலுவூட்ட, பழைய சட்டத்தோடு ஒட்டிப் புதுச் சட்டம் சேர்த்து முடுக்கலாம். இரண்டு சட்டங்களுக்கு நடுவே குறுக்குக் கட்டையும் கொடுக்கலாம். பலகைகளோ ஈரத்திலும் வெயிலிலும் ஆளுக்கொரு பக்கம் அசைபவை. நான் செய்வதானால் அவற்றை எடுத்துவிட்டு, ஈரம் தாங்கும் 18 மி.மீ. ப்ளைவுட்டை நேராகச் சட்டத்தின் மேல் போடுவேன். உயரமும் மிச்சம். ஆணி வேண்டாம், நாளடைவில் தளரும். ஸ்க்ரூ போடுங்கள், ஓரங்களில் 150 மி.மீ.க்கு ஒன்று. அடியில் குழாயோ ஒயரோ ஓடுகிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

கேள்வி: கமோட்டைச் சுற்றி மரம் கறுத்திருக்கிறது. காயவிட்டால் போதுமா?

ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். முனை இறங்கினால் அந்த மரம் போய்விட்டது. கெட்டியான மரம் வரும்வரை வெட்டி எடுங்கள். கசிவை அடைத்த பிறகே புதுப் பலகை. மரத்துகளை அழுத்திச் செய்த சிப்போர்டு ஊதிப் போயிருந்தால் யோசிக்கவே வேண்டாம், முழுசாக மாற்றுங்கள்.

கேள்வி: சிமென்ட் போர்டா, இன்சுலேஷன் போர்டா?

சூடாக்கும் தரைக்கு இன்சுலேஷன் போர்டுதான். நடுவே கெட்டியான ஃபோம், இருபக்கமும் சிமென்ட் பூச்சு. 6 அல்லது 10 மி.மீ. தடிமனே போதும். இது இல்லாவிட்டால் கம்பியின் வெப்பத்தில் ஒரு பங்கு கீழே போய்விடும். கால் வைக்கும் இடம் சூடாக நேரமும் கரண்டும் கூடுதலாகும். போர்டுக்கு அடியில் இடைவெளியில்லாமல் பசை பரப்பி, மேலே வாஷருடன் ஸ்க்ரூ முடுக்குங்கள். நான்கு மூலைகள் ஒரே இடத்தில் சேராதபடி மாற்றி மாற்றிப் போட்டு, இணைப்புகளில் வலைநாடா ஒட்டுங்கள்.

சிமென்ட் போர்டு தண்ணீரில் கெடாது, ஆனால் தண்ணீரைக் கடத்தும். அதனால் ஷவர் பகுதிக்கு நீர்த்தடுப்புப் பூச்சு தனியாக வேண்டும். உயரத்தையும் இப்போதே கூட்டிப் பாருங்கள்: ப்ளைவுட், போர்டு, கம்பி மூடும் கலவை, பசை, டைல் எல்லாம் சேர்ந்து 5 செ.மீ. வரை வந்துவிடும். கதவு திறக்குமா?

கேள்வி: பாய் கொஞ்சம் நீளமாக இருக்கிறது, வெட்டலாமா? கமோட்டுக்கு அடியிலும் விரிக்கலாமா?

கம்பியைத் தாங்கும் வலையை வெட்டித் திருப்பலாம். கம்பியை ஒருபோதும் வெட்டக் கூடாது, ஒன்றன்மேல் ஒன்று போடவும் கூடாது. கமோட், தொட்டி, தரையோடு பொருத்திய அலமாரி இவற்றுக்கு அடியில் விட்டுவிடுங்கள். வெப்பம் வெளியேற வழியில்லாமல் கம்பி கருகும்; கமோட்டுக்குத் துளை போடும்போதும் அறுபடலாம். தரையின் சூட்டை அளக்கும் சென்சாரைச் சிறு குழாய்க்குள், இரண்டு கம்பி ஓட்டங்களுக்கு நடுவே வையுங்கள். பின்னால் பழுதானால் டைலை உடைக்காமல் உருவி மாற்றலாம்.

மல்டிமீட்டரால் கம்பியின் ஓம் அளவை, அதாவது மின்தடையை, பெட்டியிலிருந்து எடுத்ததும் ஒருமுறை, விரித்த பின் ஒருமுறை, டைல் ஒட்டிய பின் ஒருமுறை எடுத்து எழுதிவையுங்கள். 230 வோல்ட்டில் ஓடும் 300 வாட் பாய் சுமார் 176 ஓம் காட்ட வேண்டும். கரண்ட் இணைப்பும் கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்சும் எலக்ட்ரீஷியன் வேலை. அதில் கை வைக்காதீர்கள்.

கேள்வி: பாயின் மேல் நேராகவே பசை பூசி ஒட்டலாமா?

ஒட்டலாம். ஆனால் இரும்புக் கரண்டியின் பல் கம்பியைக் கீறிவிடும் ஆபத்து இருக்கிறது. மரத் தரைக்கு ஏற்ற, நார் கலந்த சமன்படுத்தும் கலவையைக் கம்பி மறையும்படி ஊற்றி, இறுகியதும் ரசமட்டம் வைத்துப் பார்த்து ஒட்டுவது என் வழி. பசை எஸ்-1 வகை, அதாவது சற்று நெளிந்துகொடுப்பது. டைலுக்கு அடியில் காற்றுப்பை விடாதீர்கள். சுவர் ஓரத்தில் க்ரவுட் வேண்டாம், சிலிக்கான் போதும்.

கேள்வி: எப்போது ஆன் செய்யலாம்?

பசைப் பையில் போட்டிருக்கும் நாள் முடிந்த பிறகுதான், பெரும்பாலும் ஒரு வாரத்துக்குக் குறையாது. பசை சீக்கிரம் காயட்டும் என்று ஹீட்டரைப் போடாதீர்கள். அவசரமாகக் காய்ந்த பசை சரியாகப் பிடிக்காது. முதல் நாள் குறைந்த சூட்டில் தொடங்கி, தினமும் சில டிகிரியாக ஏற்றுங்கள்.