துவரை தழைக்குது, பூக்கலையா? மலட்டுத் தேமல் கேள்வி பதில்

கிருஷ்ணகிரி: சார், துவரையில் சில செடிகள் மட்டும் புதர் மாதிரி தழைத்து நிற்கின்றன. இலை வெளிறியிருக்கிறது, பூவே இல்லை. யூரியா அதிகமாகிவிட்டதா?

யூரியா கூடினால் இலை கரும்பச்சையாக இருக்கும். வெளிறிய திட்டுகளும் சிறுத்த இலையும் மலட்டுத் தேமலின் அடையாளம். இது வைரஸ் நோய். விதைத்த 45 நாளுக்குள் தாக்கினால் அந்தச் செடியில் காயை எதிர்பார்க்க வேண்டாம். பிந்தி வந்தால் சில கிளைகள் மட்டும் மலடாகும்.

தருமபுரி: இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஒரு பூச்சிகூட இல்லையே?

கண்ணுக்குத் தெரியாது. பரப்புவது ஈரியோபைட் சிலந்தி; வலை பின்னும் சிலந்தி அல்ல, நுண்ணிய சிலந்திப்பேன். நீளம் சுமார் 0.2 மில்லிமீட்டர், இறக்கை கிடையாது, காற்றில்தான் பயணம். விதை வழியே இந்நோய் வராது. விதைக் கடைக்காரரைத் திட்டாதீர்கள்!

வேலூர்: ஐயா, இமிடாகுளோப்ரிட் இரண்டு தடவை அடித்தும் பலனில்லை.

அது அசுவினி, தத்துப்பூச்சிக்கான மருந்து, சிலந்திக்கு எடுபடாது. ஃபெனாசாகுயின் 10 ஈசி, லிட்டருக்கு 1 மில்லி, இலையின் அடிப்பக்கம் நனைய அடியுங்கள். தேவைப்பட்டால் 15 நாளில் இன்னொரு முறை. ஆனால் வைரஸ் ஏறிய செடியை எந்த மருந்தும் மீட்காது. இளம்பயிரிலேயே அதைப் பிடுங்கி அழித்துவிடுங்கள்.

என்னைக் கேட்டால், மருந்துக்கு முன்னால் பார்க்க வேண்டியது பழைய துவரையை. அறுவடைக்குப் பின் அடிக்கட்டையிலிருந்து துளிர்க்க விட்ட மறுதாம்பு, வரப்போரம் நிற்கும் செடி, தானாக முளைத்தது எல்லாம் சிலந்திக்கும் வைரஸுக்கும் கோடைக்காலப் புகலிடம். விதைப்புக்கு முன்பே எல்லாவற்றையும் வேரோடு எடுங்கள், பக்கத்து வயல்காரரையும் எடுக்கச் சொல்லுங்கள். அமெரிக்காவின் கன்சாஸில் கோதுமைக்கு இதே இனத்துச் சிலந்தி ஒன்று கோடுத் தேமல் வைரஸைப் பரப்புகிறது. அங்கும் முதல் அறிவுரை, தானாக முளைத்த கோதுமையை விதைப்புக்கு இரண்டு வாரம் முன்பே அழிப்பதுதான். பச்சை இலை இல்லாமல் இந்தச் சிலந்திகள் அதிக நாள் தாங்காது.

பொள்ளாச்சி: அண்ணா, எங்கள் தென்னையில் ஈரியோபைட் இருக்கிறது. ஊடுபயிராகத் துவரை போடலாமா?

போடலாம், அது வேறு சிலந்தி. துவரைச் சிலந்தி துவரையையும் அதன் காட்டு உறவுகளையும் விட்டு வெளியே வாழாது. ஆனால் நிழலும் ஈரப்பதமும் அதற்குக் கொண்டாட்டம். தோப்பு அடர்த்தியாக இருந்தால் யோசியுங்கள்.

ஓசூர்: தாங்கும் ரகம் எது சார்?

பி.எஸ்.எம்.ஆர். 736 மாதிரி எதிர்ப்புள்ள ரகங்கள் இருக்கின்றன. ஆனால் வைரஸிலும் வகைகள் உண்டு. ஐதராபாத் அருகே பட்டான்செருவில் தாங்கிய ரகம் பெங்களூரு வகையிடம் தோற்பதுண்டு. உங்கள் ஊர் பெங்களூருக்குப் பக்கம், அதனால் பாக்கெட்டில் அச்சடித்ததை மட்டும் நம்பாமல், போன பருவத்தில் உங்கள் வட்டாரத்தில் எது நின்றது என்று வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரித்து வாங்குங்கள்.