குழாய் தனி, முற்றம் பொது: கேள்வி பதில்

நான் கட்டடப் பொறியாளர். முப்பது வருடமாகப் பழைய வீடுகளைப் பழுது பார்ப்பதும், சின்ன மனைகளில் மூன்று குடித்தனம், ஆறு குடித்தனம் கட்டிக் கொடுப்பதும் தொழில். வளர்ந்தது திருவல்லிக்கேணியில் ஓர் ஒண்டுக்குடித்தனத்தில். ஒன்பது குடும்பம், ஒரு முற்றம், ஒரு கிணறு, இரண்டு கக்கூஸ். பொது முற்றம் வைத்த வீட்டை இன்றைய நகரத்தில் எப்படிக் கட்டலாம் என்று கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்றேன். வாஸ்துவும் சதுர அடி ரேட்டும் வேண்டாம் என்றும் சொன்னேன். இரண்டும் வந்தன. கீழே ஒவ்வொரு கேள்வியும் தனிப் பத்தியாக, அதன் கீழே என் பதில்.

மேற்கு மாம்பலத்தில் அப்பா விட்டுப்போன ஒரு கிரவுண்டு மனை, 40க்கு 60. அக்கா, நான், தம்பி மூன்று பேருக்கும் தளத்துக்கு ஒரு வீடாகக் கட்ட ஆசை. நடுவில் முற்றம் விட்டால் இடம் வீண் என்கிறார் மேஸ்திரி.

மேஸ்திரி பாதி சரி. 12க்கு 16 அடி முற்றம் என்றால் 192 சதுர அடி, ஒவ்வொரு தளத்திலும் போகும். ஆனால் முற்றம் இல்லாத பிளானில் என்ன இருக்கும் என்று அவரையே வரையச் சொல்லுங்கள். காற்றுக்கும் குழாய்க்கும் 5க்கு 6 அடியில் இரண்டு டக்ட், லிஃப்டுக்கும் படிக்கும் முன்னால் 8க்கு 10 லாபி. அதுவே 140. படியை முற்றத்தின் ஓரமாக ஏற்றி, குளியலறை ஜன்னலை வெளிச்சுவர்ப் பக்கம் திருப்பினால் டக்டும் லாபியும் வேண்டியதில்லை. நிஜமாக இழப்பது தளத்துக்கு ஐம்பது சதுர அடி, ஒரு பீரோ வைக்கிற அறை. வானம் பார்த்த முற்றம் எஃப்.எஸ்.ஐ. கணக்கிலும் (மனைப் பரப்பைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு) வராது. 2019 விதிப்படி சாதாரணக் கட்டடத்துக்கு 2, அதாவது உங்கள் மனைக்கு 4800 சதுர அடி. மூன்று குடும்பத்துக்கு அது தாராளம்.

அதைவிட முக்கியம் வெயில். நீளவாக்கை வடக்கு தெற்காக வையுங்கள். மூன்று தளம் முப்பது அடி உயரம், முற்றத்தின் கிழக்கு மேற்கு அகலம் 12 அடி என்றால், சித்திரையில் சூரியன் உச்சிக்கு வரும்போதும் தரையில் வெயில் விழுவது பத்தே முக்காலிலிருந்து ஒன்றரை வரைதான். மற்ற நேரம் இரண்டு பக்கச் சுவரும் நிழல் தரும். இதையே திருப்பி வைத்தால் காலையும் மாலையும் வெயில் நீளவாட்டத்தில் உள்ளே வரும்.

மார்கழிக்கு வேறு கணக்கு. அப்போது சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும், சென்னையில் நடுப்பகலிலேயே சுமார் 54 பாகைதான் ஏறும். தெற்குச் சுவர் முப்பது அடி நின்றால் அதன் நிழல் இருபத்திரண்டு அடி. உங்கள் முற்றமோ பதினாறு. ஒரு துளி வெயில் தரைக்கு வராது, பொங்கல் தாண்டியும் பாசி. அதனால் தெற்குப் பக்கத்தை ஒரு தளத்தோடு நிறுத்தி மேலே மொட்டைமாடியாக விடுங்கள். மழைக்காலம் முடிந்ததும் பாதி முற்றமாவது காயும். அக்காவுக்குத் தரைத்தளம் என்றால் இதை அவர்தான் முதலில் கேட்க வேண்டும்.

முற்றத்துக்கு மேலே பாலிகார்பனேட் ஷீட் போடலாமா? மழை வந்தால் கஷ்டமாக இருக்கிறது.

போடாதீர்கள். சூடான காற்று மேலே ஏறி வெளியேறத்தான் அந்த ஓட்டை. மூடிவிட்டால் முற்றம் இல்லை, அடுப்பு. நாலு பக்கத் தாழ்வாரத்தின் இறக்கை இரண்டரை அடி நீண்டிருந்தால் சாரல் அறைக்குள் வராது. பழைய வீடுகளில் அதுதான் வழி.

முற்றம் பிரம்மஸ்தானத்தில், அதாவது வீட்டின் நட்டநடுவில் வருகிறது, அதில் கிணறு இருக்கலாமா?

வாஸ்து பார்ப்பவரைக் கேளுங்கள்.

ஒண்டுக்குடித்தனம் இவ்வளவு நன்றாக இருந்தது என்றால் ஏன் அழிந்தது?

நன்றாக இருந்தது என்று நான் சொல்லவில்லை. அழிந்ததற்குக் காரணம் சொல்கிறேன். 1960ஆம் வருட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் குடியிருப்பவரை லேசில் கிளப்ப முடியாது, வாடகையையும் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. வரும் வாடகையில் ஓடு மாற்றக்கூடக் கட்டாது என்று வீட்டுக்காரர் பழுது பார்ப்பதை நிறுத்தினார். மர உத்தரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரை ஒழுக ஆரம்பித்தால் முதலில் தேக்கு உத்தரத்தின் சுவருக்குள் இருக்கிற நுனிதான் உளுக்கும், வெளியே தெரியாது. எங்கள் வீட்டில் ஒரு நாள் ராத்திரி மூன்றாம் குடித்தனத்தின் சமையலறைக் கூரை அப்படியே உட்கார்ந்தது. நல்ல வேளை, ஆள் இல்லை. அப்புறம் ஃபிளாட் வந்தது, வீட்டுக்குள்ளேயே கழிப்பறை வந்தது. யார் இருப்பார்கள்? 2019இல் புது வாடகைச் சட்டம் அமலுக்கு வந்தபோது காப்பாற்ற ஒண்டுக்குடித்தனமே அதிகம் மிச்சமில்லை.

மேலே கண்ணாடி போட்டு மூடினால் வெளிச்சம் வருமே?

ஷீட்டுக்குச் சொன்னதுதான் கண்ணாடிக்கும். கண்ணாடி இன்னும் மோசம்.

சார், ஒரு கேள்வி. உங்கள் ஒன்பது குடும்ப முற்றத்தில் எங்கள் ஆட்களுக்கு வாடகைக்கு இடம் கொடுத்திருப்பார்களா?

கொடுத்திருக்க மாட்டார்கள். வளைத்துப் பேச இதில் ஒன்றுமில்லை.

அந்த வீட்டின் வரைபடத்திலேயே அது இருந்தது. வாசல், ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு, கொல்லை. கொல்லைச் சுவரை ஒட்டி மூன்றடிச் சந்து. கக்கூஸ் எடுக்க வருகிறவர் அந்தச் சந்து வழியாக வந்து அதே வழியாகப் போவார். நான் பிறந்து வளர்ந்த அத்தனை வருடமும் அவர் முற்றத்தில் நின்று பார்த்ததில்லை. பழைய அக்ரகார வீட்டை அளந்து வரைந்து கொடு என்று மாணவர்கள் வந்தால், அந்தச் சந்தையும் சேர்த்து வரையச் சொல்வேன். பலர் விட்டுவிடுவார்கள்.

கட்டடத்தைப் பற்றிக் கேட்டால் எல்லாவற்றிலும் சாதியை இழுக்க வேண்டுமா?

யார் இழுத்தது? பொது முற்றம் என்றால் அந்தப் ‘பொது’வில் யார் யார் என்பதுதானே முதல் கேள்வி. இன்றைக்கும் போர்டு மாட்டாமலே வீடு இல்லை என்று சொல்கிறார்கள். கேட்டவர் கேட்டது சரியான கேள்வி.

சார், நானும் சேர்ந்துகொள்கிறேன். என் அம்மா ஸ்ரீரங்கத்தில் பன்னிரண்டு குடித்தன ஸ்டோரில் (ஒண்டுக்குடித்தனத்துக்கு அங்கே அந்தப் பெயர்) வாழ்க்கைப்பட்டவர். விடியற்காலை மூன்றரைக்குக் குடத்தை வரிசையில் வைத்தால்தான் தண்ணீர். வீட்டுக்குத் தூரம் என்றால் பன்னிரண்டு குடும்பத்துக்கும் தெரியும். முற்றத்தைப் பற்றி உருகுகிறவர்கள் எல்லாம் ஆண்கள் என்று அம்மா சொல்வார்.

உங்கள் அம்மா சொன்னதை நான் எடுத்துக்கொள்கிறேன். நான் உருகியதும் உண்டு. எங்கள் வீட்டில் நான் கிரிக்கெட் ஆடிய முற்றம்தான் என் அம்மாவுக்குப் பற்றுப் பாத்திரம் தேய்த்த முற்றம். இருவருக்கும் அது ஒரே இடம் இல்லை.

அதனால்தான் எனக்கு ஒரே ஒரு பிடிவாதம்: குழாய் தனி, கழிப்பறை தனி, அடுப்பு தனி, துணி துவைக்கிற இடமும் தனி. பொதுவாக விடுவது வானமும் தரையும் மட்டும். தேவைக்காகப் பங்கு போட்டால் சண்டை, ஆசைக்காகப் போனால்தான் பேச்சு.

இது நான் கண்டுபிடித்தது இல்லை. செட்டிநாட்டு வீட்டில் வளவை, அதாவது உள்முற்றத்தைச் சுற்றி ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. கல்யாணமாகிக் கொஞ்ச காலத்தில் பெற்றவர்களே ‘வேறு வைத்து’ விடுவார்கள்: அதே கூரை, அதே வளவு, ஆனால் தனி உலை, தனிக் கணக்கு. ஒவ்வொரு தம்பதியும் ஒரு ‘புள்ளி’, தனிக் குடும்பமாகவே கணக்கு. சேர்ந்திருக்கும்போதே பிரித்து வைப்பதில் அவர்களுக்கு இருந்த தெளிவு நமக்கு வேண்டும். (அந்த வீடுகளின் பர்மா தேக்குத் தூண்களைப் பற்றி மட்டும் பேசுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.)

குழாயடியில் சண்டை போட்டதால்தான் சார் உறவே வந்தது. எல்லாவற்றையும் தனித்தனியாகக் கொடுத்துவிட்டால் எவன் முற்றத்துக்கு வருவான்? அதுவும் ஃபிளாட்தான்.

நியாயமான அடி. எனக்கே பட்டிருக்கிறது.

பல வருடம் முன்னால் ஆறு குடித்தனம் ஒன்று கட்டினேன். 18க்கு 20 அடி முற்றம், நடுவில் வேம்பு, கடப்பாக் கல் பாவியது. திறந்து இரண்டு வருடம் கழித்துப் போனால் நாலு ஸ்கூட்டரும் ஒரு பழைய வாஷிங் மெஷினும் நிற்கின்றன. வேம்பைச் சுற்றி சிமென்ட் மூட்டை. ஒருவரும் அங்கே உட்காருவதில்லை. ஏன் என்று அரைநாள் நின்று பார்த்தேன். தப்பு என்னுடையது. ஆறு வாசலும் படிக்கட்டுப் பக்கம் வைத்திருந்தேன், முற்றத்தைப் பார்த்து இருந்தது படுக்கையறை ஜன்னல்கள். கீழே யார் பேசினாலும் மேலே ஜன்னலைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

தரைத்தளத்து இரண்டு வீட்டின் வாசலை மட்டும் முற்றத்துக்கு மாற்றினோம். வாசலுக்கு இரண்டு பக்கமும் பதினெட்டு அங்குல உயரத்தில் திண்ணை. மாடி வீடுகளின் சமையலறை ஜன்னலை இந்தப் பக்கம் கொண்டுவர முடிந்தது இரண்டில்தான். வண்டியைத் தெருப்பக்கம் தள்ளினோம். அடுத்த கோடையில் ஒரு பாட்டி வடாம் பிழிந்து காயப்போட்டிருந்தார், காக்காய் ஓட்ட இரண்டாம் மாடிப் பையன் குச்சியோடு உட்கார்ந்திருந்தான். அவனுக்கும் பாட்டிக்கும் எந்தக் குழாயும் பொது இல்லை.

எனவே உங்களுக்கு என் பதில்: முற்றத்துக்கு ஆளை வரவழைப்பது பற்றாக்குறை இல்லை, வாசல். வெளியே போகவும் உள்ளே வரவும் முற்றம் வழியாகத்தான் வழி என்றால் ஒரு நாளைக்கு நாலு தடவை முகம் பார்த்தாக வேண்டும். பேசுவதும் பேசாததும் அவரவர் விருப்பம்.

சண்டை போதும். வேறு ஊர்களில் இப்படிக் கட்டியிருக்கிறார்களா?

பெய்ஜிங்கில் ஜூர் ஹூதோங். நாலு பக்க வீடு சூழ்ந்த பழைய முற்றங்களில் குடும்பத்தின் மேல் குடும்பமாக நெருக்கியடித்து இருந்தார்கள், நம் ஒண்டுக்குடித்தனம் மாதிரியேதான். வூ லியாங்யோங் என்ற கட்டடக்கலைஞர் அங்கே இரண்டு மூன்று தளத்தில் புது முற்ற வீடுகள் வரைந்தார். பழைய மரங்களை வெட்டாமல், வீட்டுக்கு வீடு கழிப்பறை வைத்து. அதற்கு உலக வாழ்விட விருது கிடைத்தது.

நமக்கு அருகில் நவி மும்பையில் பேலாப்பூர், சார்லஸ் கொரியா 1980களில் செய்தது. ஏழு வீட்டுக்கு நடுவே 8க்கு 8 மீட்டரில் ஒரு முற்றம், அப்படி மூன்று கொத்து சேர்ந்து 21 வீட்டுக்கு இன்னொரு பெரிய வெளி. எந்த வீட்டுக்கும் பக்கத்து வீட்டோடு பொதுச் சுவர் கிடையாது, பணம் வரும்போது அவரவர் ஏற்றிக் கட்டிக்கொள்ள. பலர் முழுக்க இடித்தே கட்டிவிட்டார்கள். ஆனாலும் முற்றங்கள் இருக்கின்றன. ஏழு குடும்பம் என்ற எண்ணிக்கையைக் கவனியுங்கள். அதற்குள் எல்லோருக்கும் எல்லோர் பெயரும் தெரியும்.

பில்டர் எங்கள் ஃபிளாட்டில் ‘சென்ட்ரல் கோர்ட்யார்ட்’ என்று காட்டுகிறார். பிளானில் ஓ.டி.எஸ். என்று போட்டிருக்கிறது. 6க்கு 7 அடி.

ஓ.டி.எஸ். என்றால் ‘ஓப்பன் டு ஸ்கை’, வானம் பார்த்த இடம். இந்த அளவில் அது டக்ட். நாலு வீட்டு ஏ.சி. வெளிப்பெட்டியும் அதற்குள்தான் வரும். முற்றம் என்று யார் கட்டினாலும் ஏ.சி. பெட்டியை உள்ளே வைக்க விடாதீர்கள்.

ரிமோட்டில் திறந்து மூடுகிற கூரை வந்திருக்கிறதே சார், ஷீட்டுக்குப் பதில் அது...

முதல் வருடம் திறப்பீர்கள்.

ஆறு பேர் சேர்ந்து வாங்கும் மனை. நாளைக்கு ஒருவர் முற்றம் என் பங்கு என்று சுவர் எழுப்பினால்?

முற்றம் பொதுப் பயன்பாட்டுப் பகுதி என்று அளவோடு பத்திரத்தில் எழுதி, வரைபடத்தையும் இணைத்துப் பதிவு செய்யுங்கள். ‘பிரிக்கப்படாத பங்கு’ என்ற ஒற்றை வரி போதாது. வண்டி நிறுத்தக் கூடாது என்பதையும் சங்க விதியில் போடுங்கள். மீதியை வக்கீலிடம்.

ஆத்தங்குடிக் கல் பாவலாமா?

தாழ்வாரத்தில் பாவுங்கள். மழை விழும் இடத்தில் வேண்டாம், வழுக்கும், நிறமும் போகும். அங்கே சொரசொரப்பான கருங்கல்.

சதுர அடி என்ன ஆகும்?

முதல் பத்தியைப் பார்க்கவும்.

கொசுவுக்காக மேலே வலை போட்டு, அதன் மேல் ஷீட்...

வலை போடுங்கள். அதோடு நிறுத்துங்கள்.

கும்பகோணத்தில் தாத்தா வீடு, இரண்டு சித்தப்பா குடும்பமும் அங்கேதான். போன ஐப்பசியில் முற்றத்தில் தண்ணீர் நின்று கூடத்துக்குள் ஏறிவிட்டது. தரையை உயர்த்திவிடலாம் என்கிறார்கள்.

உயர்த்தாதீர்கள், முற்றம் கூடத்தைவிட ஒரு படி தாழ்ந்திருப்பதே அதற்காகத்தான். கணக்குப் போடுங்கள். முற்றம் இருபது சதுர மீட்டர் என்றால் பத்து சென்டிமீட்டர் மழைக்கு இரண்டாயிரம் லிட்டர். ஆனால் உங்கள் கூரை உள்பக்கம் சாய்ந்தது, சுற்றியுள்ள நூறு சதுர மீட்டர் ஓட்டுத் தண்ணீரும் அங்கேதான் விழும், அது பத்தாயிரம். மொத்தமும் வெளியேற மூலையில் ஒரே ஒரு ஜலதாரை.

பெரும்பாலும் அதை யாரோ குளியலறைச் சாக்கடையோடு சேர்த்திருப்பார்கள். பிரியுங்கள். மழைத் தண்ணீரை ஆறு அங்குலக் குழாயில் கொல்லைக் கிணற்றுக்கோ உறிஞ்சுகுழிக்கோ கொண்டுபோங்கள். மிச்சம் தெருவுக்கு. ஜலதாரையின் வாயில் கல் சல்லடை இருந்தால் கழற்றித் துருவுங்கள், ரப்பர் பந்து, சீப்பு, விளக்குத்திரி எல்லாம் வரும். அப்புறம் மூன்று வீட்டிலிருந்தும் ஆளுக்கு ஐந்து வாளி ஒரே நேரத்தில் ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் சுழித்துக்கொண்டு போனால் சரி. குமிழ் விட்டுத் தயங்கினால் தெருவுக்குப் போகிற வழியில் அடைப்பு, புரட்டாசிக்குள் தோண்டிவிடுங்கள்.