Re: ஐஸ் கோர்ல அடித்துண்டு உப்பு மட்டும் ஏன் குறையுது?

அடித்துண்டுல உப்பு கம்மியா காட்டுதுன்னு கேட்டீங்க, உப்பு மீட்டர்ல கோளாறு இல்ல, கோர (பனியில உருளையா குடைஞ்சு எடுக்குற துண்டு) வெட்டுறதுக்கு முன்னாடியே உப்புத்தண்ணி வடிஞ்சு போயிருக்கும். குளச்சல் கடல்தண்ணிய ஃப்ரீசர்ல உறைய வச்சு கோர் எடுத்துட்டு, அத நிமித்தி வச்சுதான் டெம்பரேச்சர் பாத்தேன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, அங்கதான் போச்சு. கடல்பனிக்குள்ள குட்டிக் குட்டிக் குழாய்ல உறையாத உப்புத்தண்ணி இருக்கும், அடிப்பக்கம் சூடு அதிகம், குழாயும் பெருசு, தூக்கினதும் சொட்டிரும்.

செக் பண்ண, கோருக்கு அடில ஒரு தட்டு வச்சு சொட்டுறத அளங்க. கிலோவுக்கு 35 கிராம் உப்புக்கு (சாதாரண கடல்தண்ணி அளவு) மேல போனா அது உருகின பனி இல்ல, உள்ள இருந்த உப்புத்தண்ணியேதான் (மீட்டர் எல்லைய தாண்டினா டிஸ்டில்ட் வாட்டர் அளந்து கலந்துக்கங்க).

அடுத்த தடவ கோர படுக்க வச்சு டக்குனு 5 செமீ துண்டா வெட்டி, துண்டுக்கு ஒரு மூடி டப்பால போட்டு, முழுசா உருகவிட்டு கலக்கிட்டு அளங்க. டெம்பரேச்சருக்கு தனி கோர், அதுலயும் ஓட்டை போட்ட கையோட தெர்மாமீட்டர் ப்ரோப (ஊசி மாதிரி முனை) சொருகிரணும்.

இன்னொண்ணு, வெறும் வாளில உறைய வச்சா நாலு பக்கமும் உறைஞ்சு உப்பெல்லாம் நடுவுல கூடிரும், அது கடல்பனி மாதிரியே வராது. மீன் தெர்மாக்கோல் பெட்டில மேல மட்டும் திறந்து வைங்க. களியக்காவிளை சந்தைப் பக்கம் பழைய பெட்டி கிடைக்கும், நல்லா கழுவிருங்க, வாடை தாங்காது.

இவ்ளோ செஞ்சாலும் கடைசி சில செமீ கொஞ்சம் கம்மியாதான் காட்டும், அண்டார்டிகாலயும் அப்படித்தான், ரிப்போர்ட்ல அத எழுதிருங்க.